குரங்கு எங்கள் தாத்தா இல்லை, ஒன்றுவிட்ட சகோதரம்

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், ஏன் இன்னும் குரங்குகள் இருக்கு?" பள்ளிக்கூடத்தில் பரிணாமம் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஜேர்மன் மொழியில் பதில் சொல்லிவிடுவோம். தமிழில் சொல்ல வெளிக்கிட்டால் எங்களில் பலர் தடுமாறுவோம். ஆனால் அதற்குத் தேவையான சொற்கள் எங்கள் உறவுமுறையிலேயே இருக்கின்றன.

நான் இருக்கும் ஹாலே நகரத்திலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். நகரத்துக்குத் தென்மேற்கே கைசல்டால் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கம், இன்று பெரிய ஏரி. அங்கே கிடைத்த, சுமார் 4.5 கோடி (45 மில்லியன்) ஆண்டுகள் பழமையான புதைபடிவங்களை மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகம் பாதுகாக்கிறது. அவற்றில் ஒன்று புரோபலியோதேரியம். நாய் அளவு உயரம், முன்காலில் 4 விரல், பின்காலில் 3. காட்டில் இலை தின்று வாழ்ந்த, குதிரையின் உறவுக்கார விலங்கு.

இது இன்றைய குதிரையின் நேரடித் தாத்தா இல்லை. தாத்தாவின் தம்பி மாதிரி, பக்கக் கிளை. அந்தக் கிளை அழிந்துவிட்டது. வேறொரு கிளையில்தான் இன்றைய குதிரை வந்தது. மனிதரும் சிம்பன்சியும் அப்படித்தான்: பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையின் இரண்டு கிளைகள். நாங்கள் பிறந்ததால் சித்தப்பாவின் பிள்ளைகள் இல்லாமல் போய்விட்டார்களா என்ன?

அடுத்தது 'இயற்கைத் தேர்வு'. யாரோ இருந்து தேர்ந்தெடுப்பது போல இந்தச் சொல் கேட்கும். அப்படி யாரும் இல்லை. காடு குறைந்து புல்வெளி பரவியபோது, குதிரைகளுக்குப் புல் உணவானது. புல்லும் அதோடு வரும் மண்ணும் பல்லைத் தேய்க்கும். பிறவியிலேயே கொஞ்சம் உயரமான பல் இருந்தவை கூடுதல் காலம் மென்று, கூடுதல் குட்டி போட்டன. குட்டிகளுக்கும் அந்தப் பல் வந்தது. பல தலைமுறை போக, அந்தப் பல்லே பொதுவாகிவிட்டது. எந்தக் குதிரையும் முயற்சி செய்து பல்லை வளர்க்கவில்லை.

ஹாலேயில் இயங்கும் லியோபோல்டினா அறிவியல் கழகம் டார்வினை 1857இல் உறுப்பினராக்கியது. அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது 1859இல்தான்.

"எங்களைக் குரங்கு என்று சொல்லுறாங்களா?" என்று அம்மம்மா கோபிக்கலாம். நீங்கள் இடையில் மொழிபெயர்க்க வேண்டாம். "இல்லை அம்மம்மா, தூரத்துச் சொந்தம்" என்று பிள்ளையே சொல்லட்டும்.