மணமகள் வால்ட்ஸ்

மணமகள் வால்ட்ஸ் என்பது டென்மார்க் நாட்டில் திருமண விருந்தின்போது மணமக்கள் இருவரும் சேர்ந்து ஆடும் முதல் நடனம் ஆகும். டேனிய மொழியில் இது புரூதெவால்ஸ் எனப்படுகிறது. மேற்கு நாடுகள் பலவற்றில் மணமக்கள் தாம் விரும்பிய ஏதேனும் ஒரு பாட்டுக்கு முதல் நடனத்தை ஆடுவர். டென்மார்க்கிலோ பெரும்பாலும் ஒரே இசைக்கு, ஒரே வகை நடனத்தை ஆடும் மரபு நிலைத்துள்ளது. ஆடத் தொடங்கும்போது பரந்திருக்கும் இடம், விருந்தினர் நெருங்கி வர வரச் சுருங்கி, முடிவில் இல்லாமற் போவது இந்நடனத்தின் தனித்தன்மை ஆகும். இதற்கான பயிற்சியும் இத்தன்மையைக் கருத்திற்கொண்டே அமைய வேண்டும்.

இசையின் தோற்றம்

இந்நடனத்துக்குரிய இசையை அமைத்தவர் டேனிய இசையமைப்பாளரான நீல்ஸ் வில்ஹெல்ம் கேதெ (1817–1890) ஆவார். இது திருமண வீடுகளுக்கென எழுதப்பட்ட இசை அன்று. ஆகஸ்ட் பூர்னோன்வில் (1805–1879) உருவாக்கிய "ஒரு நாட்டார் கதை" என்னும் பாலே நாட்டிய நாடகத்தின் ஒரு பகுதியாகும். இந்நாடகம் 1854 மார்ச் 20 அன்று கோபன்ஹேகனில் உள்ள அரச அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. இதன் முதலாம், மூன்றாம் அங்கங்களுக்குக் கேதெயும், இரண்டாம் அங்கத்துக்கு ஜே. பி. ஈ. ஹார்ட்மனும் இசையமைத்தனர்.

கதையின்படி, ஹில்டா என்னும் மானிடக் குழந்தையைப் பூதங்கள் தொட்டிலிலிருந்து கவர்ந்து சென்று, அவ்விடத்தில் தமது குழந்தையை வைத்துவிடுகின்றன. ஹில்டா குன்றுக்குள் பூதங்களிடையேயும், பூதக் குழந்தையான பீர்த்தெ மாளிகையிலும் வளர்கின்றனர். இறுதியில் உண்மை வெளிப்பட, ஹில்டா ஓவெ என்னும் இளைஞனை மணக்கிறாள். அத்திருமணக் காட்சியில் இடம்பெறும் வால்ட்ஸ் இசையே பின்னர் மேடையை விட்டு இறங்கி, பொதுமக்களின் திருமணங்களில் நிலைபெற்றது.

நடைபெறும் முறை

மணமகள் வால்ட்ஸ் நள்ளிரவுக்கு முன் ஆடப்பட வேண்டும் என்பது மரபு. டேனியத் திருமண விருந்துகளில் உரைகளும், மணமக்களைப் பற்றிப் புனைந்த பாடல்களும் நெடுநேரம் நீள்வது வழக்கம். எனவே, நேரம் தவறாமல் மணமக்களை ஆடுகளத்துக்கு அனுப்புவது விருந்தை நெறிப்படுத்துபவரின் பொறுப்பாகும்.

இசை தொடங்கியதும் விருந்தினர் மணமக்களைச் சுற்றி வட்டமாக நின்று தாளத்துக்கேற்பக் கைதட்டுவர். தட்டிக்கொண்டே சிறிது சிறிதாக முன்னோக்கி நகர்வர். இறுதியில் மணமக்கள் அடியெடுத்து வைக்க இயலாதவாறு நெருக்கப்படுவர். அவர்கள் முத்தமிட்டுக்கொள்ள நடனம் நிறைவுறும்.

இதைத் தொடர்ந்து, ஆண்கள் மணமகனைத் தூக்கிப் பிடித்து, காலணிகளைக் கழற்றி, காலுறைகளின் நுனியைக் கத்தரிப்பதும் உண்டு. கிழிந்த காலுறையைத் தைக்க மனைவி வந்துவிட்டாள் என்பதை இது குறிப்பதாகக் கூறுவர். சில இடங்களில் மணமகளின் முகத்திரையையும் துண்டு துண்டாக்குவர்.

பயிற்சி

இன்று பலருக்கு இதுவே வாழ்நாளில் ஆடும் முதல் வால்ட்ஸ் ஆகும். அதையும் உற்றார் உறவினர் அனைவரும் பார்த்திருக்க ஆட வேண்டியிருப்பதால் மணமக்களுக்கு அச்சம் எழுவது இயல்பு. டென்மார்க்கின் நடனப் பள்ளிகள் இதற்கெனவே சிறு பயிற்சி வகுப்புகளை நடத்துகின்றன.

தாளம்: வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை கொண்ட தாளத்தில் அமைந்தது. கருநாடக இசையின் திசிர நடையைப் போன்று இதையும் மும்மூன்றாக எண்ணலாம். முதல் எண்ணிக்கையில் அழுத்தம் விழும். மெதுவான வால்ட்ஸில் நிமிடத்துக்கு 28 முதல் 30 வரையான தாளவட்டங்களும், வியன்னா வால்ட்ஸில் ஏறத்தாழ 60 தாளவட்டங்களும் அமையும். கேதெயின் இசை மெதுவான வகையைச் சார்ந்தது அன்று. ஆகவே, முதலில் இசையின்றி எண்ணிப் பழகி, பின்னர் விரைவைக் கூட்டுவது நன்று.

அடிகள்: மணமகனின் வலக்கை மணமகளின் இடத் தோள்பட்டை எலும்பின் மீது அமையும். மணமகளின் இடக்கை அவனது மேற்கையில் தங்கும். மற்றைய கைகள் கோத்திருக்கும். மணமகன் இடக்காலை முன்வைத்து, வலக்காலைப் பக்கவாட்டில் வைத்து, இடக்காலை அதனருகே சேர்ப்பான். அடுத்த மூன்று எண்ணிக்கைகளில் வலக்காலைப் பின்வைத்து, இடக்காலைப் பக்கவாட்டில் வைத்து, வலக்காலைச் சேர்ப்பான். மணமகள் இவற்றுக்கு எதிரிணையான அடிகளை வைப்பாள். மூன்று அடிகளுக்குக் கால்வட்டம் திரும்பினால் நான்கு தாளவட்டங்களில் ஒரு முழுச்சுற்று நிறைவுறும். நன்கு பழகியோர் இரண்டு தாளவட்டங்களிலேயே சுற்றி முடிப்பர்.

அடிகளைச் சுருக்குதல்: களம் முழுவதும் சுற்றி வரும் நீண்ட அடிகளையும், கைவிட்டு விலகிச் சுழலும் அசைவுகளையும் மட்டும் பழகியோர், வட்டம் நெருங்கியதும் தடுமாற நேரிடும். எனவே, ஒரே சுழற்சியை முதலில் பெரிய அடிகளிலும், பின்னர் சிறிய அடிகளிலும், இறுதியில் நின்ற இடத்திலேயும் ஆடிப் பழக வேண்டும். அறையில் நாற்காலிகளை வட்டமாக அடுக்கி, அவற்றைப் படிப்படியாக உள்ளே நகர்த்தியும் பழகலாம். அடி தவறினால் நின்றுவிடாமல், அடுத்த தாளவட்டத்தின் முதல் எண்ணிக்கையில் மீண்டும் தொடங்குவது எளிது.

உடையும் காலணியும்: திருமணத்தன்று அணியும் காலணிகளுடனேயே பழகுவது நன்மை தரும். மணமகளின் ஆடை பின்னால் நீண்டு தரையில் புரளுமாயின், ஆடுவதற்கு முன் அதை மேலே தூக்கிப் பொருத்திவிட வேண்டும். சூழ நிற்போர் நெருங்கும்போது அதை மிதித்துவிட வாய்ப்புண்டு.

அரச குடும்பத்தில்

2004 மே 14 அன்று நடைபெற்ற பட்டத்து இளவரசர் பிரெடெரிக், மேரி ஆகியோரின் திருமணத்திலும் இம்மரபு பின்பற்றப்பட்டது. பிரெடென்ஸ்போர்க் அரண்மனையில் அவர்கள் கேதெயின் இசைக்கு ஆட, விருந்தினர் சூழ்ந்து நின்று கைதட்டினர். பிரெடெரிக் 2024 சனவரி 14 அன்று டென்மார்க்கின் அரசரானார்.