போளி மடிகிறது, குக்கீ நொறுங்குகிறது

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் ரயிலில் கோவில்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடம்பூர் வரும். தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். ஆனால் ரயிலில் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது, காரணம் போளி. மஞ்சள் நிறத்தில், உள்ளே பூரணம் வைத்து, மெல்லிசாகத் தட்டிக் கல்லில் சுட்ட போளி. ஊருக்குப் போகிறவர்கள் தங்களுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று வாங்கிக்கொள்வார்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் உங்களில் பலருக்கு இன்னொரு ஆசை வந்திருக்கும். செல்பேசியில் பார்த்த சாக்லேட் சிப் குக்கீயை வீட்டிலேயே செய்து, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வியை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். போளிக்கும் மைதாதான், குக்கீக்கும் மைதாதான். போளியை நான்காக மடித்தாலும் கிழிவதில்லை. குக்கீயை லேசாக வளைத்தாலே படக்கென்று உடைகிறது. ஒரே மாவு ஏன் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது?

பதிலைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். ஒரு கைப்பிடி மைதாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள். பிறகு ஒரு கிண்ணத்துத் தண்ணீருக்குள் அந்த உருண்டையை வைத்து மெதுவாகப் பிசையுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும். வெளியேறுவது ஸ்டார்ச் என்னும் மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிப் பிசைந்துகொண்டே இருங்கள். தண்ணீர் தெளியும்போது உங்கள் கையில் சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் ஒரு சின்னக் கட்டி மிஞ்சும். அதை இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். இத்தாலியில் போலோஞ்ஞா நகரத்தில் இருந்த பெக்காரி என்ற அறிஞர் கோதுமை மாவை இதேபோலக் கழுவித்தான் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அவருடைய கட்டுரை 1745இல் அச்சானது. அவர் செய்ததை நீங்கள் உங்கள் வீட்டு வாளித் தண்ணீரில் செய்துவிட்டீர்கள்.

100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு குளூட்டெனின், க்ளையாடின் என்ற இரண்டு புரதங்கள். காய்ந்த மாவில் இவை தனித்தனியாகச் சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டதும் ஒன்றோடு ஒன்று ஒட்ட ஆரம்பிக்கும். பிசையப் பிசைய அந்த ஒட்டுகள் பெருகி, மாவு முழுவதும் ஒரு வலை பரவிவிடும். நீளும் குணம் க்ளையாடினிடமிருந்தும், திரும்பச் சுருங்கும் குணம் குளூட்டெனினிடமிருந்தும் வருகின்றன.

போளி செய்கிறவர்களுக்கு இந்த வலை வேண்டும். அதனால் தண்ணீரைத் தாராளமாக விட்டு, மாவைத் தளரப் பிசைந்து, நல்லெண்ணெயை மேலே ஊற்றி மணிக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். ஏன் ஊற வேண்டும்? பிசைந்த உடனே மாவைத் தட்டினால் அது முரண்டு பிடிக்கும், விரித்த இடத்திலிருந்து பின்வாங்கும். வலை இன்னும் விறைப்பாக இருக்கிறது. நேரம் போகப் போக இறுக்கமான ஒட்டுகள் விட்டு, வேறு இடத்தில் தளர்வாகச் சேர்கின்றன. அதன்பின் வாழை இலையில் வைத்து விரல் நுனியால் தட்டினால் மாவு பூரணத்தைச் சுற்றித் தோல் போல மெலிந்து விரியும், கிழியாது. சுடும்போது புரதம் வெந்து, மெத்தென்ற வலையாக அப்படியே நிலைத்துவிடும். மடித்தாலும் போளி கிழியாததற்கு இதுதான் காரணம்.

குக்கீ செய்கிறவர்களுக்கு இந்த வலை ஆகாது. வலை பலமாகிவிட்டால் குக்கீயைக் கடிக்க முடியாது, இழுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆகவே அதைத் தடுப்பதற்கு மூன்று வேலை செய்கிறார்கள். தண்ணீரைக் கிட்டத்தட்ட விடுவதே இல்லை. சர்க்கரையை நிறையப் போடுகிறார்கள், இருக்கிற கொஞ்ச நீரையும் அது தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் வெண்ணெய். வெண்ணெய் பூசிக்கொண்ட மாவுத் துகளுக்குள் தண்ணீர் எளிதில் போகாது, அதனால் புரதங்கள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. போளியிலும் எண்ணெய் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அங்கே தண்ணீர் விட்டு வலை உருவான பிறகு எண்ணெய் வருகிறது. இங்கே வலை உருவாகும் முன்பே வெண்ணெய் வந்துவிடுகிறது. எது முதலில் என்பதிலேயே இரண்டு பலகாரமும் பிரிந்துபோகின்றன.

வெண்ணெயிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. நெய்யில் அநேகமாக இல்லை. பேக்கரியில் கிடைக்கும் நெய் பிஸ்கட் வாயில் வைத்ததுமே பொடிந்து கரைந்துபோவது அதனால்தான்.

இப்போது செய்முறை. இது முட்டை இல்லாத குக்கீ. வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், மைதா 150 கிராம், பால் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, நறுக்கிய சாக்லேட் 80 கிராம். இளகிய வெண்ணெயில் சர்க்கரையைப் போட்டு, நிறம் வெளுக்கும் வரை நன்றாக அடியுங்கள். சர்க்கரைத் துகளின் கூர்முனைகள் வெண்ணெயில் சின்னச் சின்னக் காற்றறைகளை உண்டாக்குகின்றன. குக்கீ உப்புவதற்கு அவைதான் இடம். இந்தக் கட்டத்தில் கை வலிக்கும் வரை அடிக்கலாம். மைதாவையும் சோடாவையும் உப்பையும் போட்டு, பாலையும் விட்ட பிறகு கையை அடக்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்து வந்தால் போதும், பிசையவே கூடாது. ஏன் என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் சாக்லேட்டைக் கலந்து, எலுமிச்சை அளவை விடச் சற்றுச் சிறிதாக உருட்டி, லேசாகத் தட்டி, இடைவெளி விட்டு வையுங்கள்.

அடுப்பு வேலை பெரியவர்கள் கூட இருக்கும்போது மட்டும். மின் அடுப்பு இருந்தால் 180 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம். இல்லாவிட்டால் ஓர் அடிகனமான சட்டி போதும். அடியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் மிதமான தீயில் காயவிட்டுப் பிறகு தட்டை உள்ளே வைப்பார்கள். தண்ணீர் விடக் கூடாது. உப்பு இங்கே ருசிக்காக இல்லை. அடித்தீ ஓரிடத்தில் சுள்ளென்று தாக்காமல் சூட்டை வாங்கிச் சமமாகப் பரப்புவது அதன் வேலை.

மூடிக்குள்ளே என்ன நடக்கிறது? முதலில் 35 டிகிரிக்குள்ளேயே வெண்ணெய் உருகி உருண்டை பரவ ஆரம்பிக்கும். நாட்டுச் சர்க்கரையில் இருக்கும் லேசான அமிலத்தோடு சோடா சேர்ந்து கரியமில வாயு வெளிவரும். சூடு 80 டிகிரியை எட்டும்போது சோடா தானாகவே வேகமாகச் சிதைந்து இன்னும் வாயு தரும். புரதமும் மாவுச்சத்தும் வெந்து உடம்பு கெட்டிப்படும். இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகும். தண்ணீர் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம். அது போன பிறகுதான் ஓரங்கள் காய்ந்து, 140 டிகிரியைத் தொட்டு, வீடே மணக்கும் அந்த வேலை நடக்கிறது. புரதத்தின் கூறான அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்களாக மாறுகின்றன. லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் இதை விளக்கி எழுதியதால் இதற்கு மையார் வினை என்றே பெயர். தோசையின் முறுகல் ஓரம், வறுத்த நிலக்கடலை, காப்பிக் கொட்டை எல்லாவற்றின் மணத்துக்கும் இந்த வினையே காரணம். போளியில் ஈரம் அதிகம். அதனால் கல்லில் அழுத்திப் பட்ட இடங்களில் மட்டும் பழுப்புப் புள்ளி விழுகிறது, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகவே இருக்கிறது. இனி போளி வாங்கினால் அந்தப் புள்ளிகளைப் பாருங்கள். 100 டிகிரியைத் தாண்டிய இடங்களின் வரைபடம் அது.

எடுக்கும்போது குக்கீ கொழகொழவென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே வைத்துவிடாதீர்கள். சர்க்கரை பாகு நிலையிலும் வெண்ணெய் திரவமாகவும் இருக்கின்றன. ஆறினால் இரண்டும் இறுகும், குக்கீயும் விறைக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயிலும் இதே கதைதான். வெல்லப்பாகைப் பதம் பார்த்து இறக்கிக் கடலையைக் கலந்து தட்டும்போது இழுபடும். ஆறியதும் கடித்தால் படக்கென்று உடையும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயின் பெருமையில், பாகை எந்த நொடியில் இறக்குவது என்று தெரிந்த கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சாக்லேட் துண்டுக்கு வருவோம். 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், விட்மன் என்ற ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் அம்மையார்தான் சாக்லேட் கட்டியை நறுக்கிக் குக்கீ மாவில் கலந்து புகழ் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் வெளிநாடு போன படைவீரர்களுக்கு வீட்டிலிருந்து அனுப்பிய பொட்டலங்களில் இந்தக் குக்கீ இருந்தது. வாரக்கணக்கில் பயணம் செய்தாலும் கெடாமல் போய்ச் சேரும் பலகாரம் அது.

ஆனால் மாசசூசெட்ஸில் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். நம் உடம்பு 37 டிகிரி, அதனால் நாக்கில் வைத்ததும் கரைகிறது. சித்திரை வெயிலில் கரிசல் காடும் அதே சூட்டை எட்டிவிடுகிறது, சில நாள் தாண்டியும் போகிறது. உருகி மறுபடி உறைந்த சாக்லேட்டின் மேல் வெள்ளைப் படலம் படரும். பூஞ்சணம் என்று பயப்படாதீர்கள். கொக்கோ வெண்ணெய் ஆறு வித வடிவங்களில் படிகமாகக் கூடியது. கண்டபடி உறையும்போது கொழுப்பு மேலே வந்து வெளுக்கிறது. தின்னலாம், பளபளப்புத்தான் போயிருக்கும். மார்கழியில் இந்தத் தொல்லை குறைவு. கடையில் வாங்கும்போது உறையையும் படித்துப் பாருங்கள். பல கட்டிகளில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அது வெயிலைத் தாங்கும், ஆனால் நாக்கில் அவ்வளவு சுகமாகக் கரையாது. என்னைக் கேட்டால், கொஞ்சமாகப் போட்டாலும் கொக்கோ வெண்ணெய் உள்ளதையே போடுங்கள்.

பரிசாகக் கொடுக்கும்போது எது எத்தனை நாள் இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். போளியில் ஈரம் இருக்கிறது, வெந்த பருப்பும் தேங்காயும் இருக்கின்றன. நுண்ணுயிரிகளுக்கு அது விருந்து. ஓரிரு நாளில் தின்றுவிட வேண்டும். அது கெடாமல் இருந்தாலும் விறைத்துவிடும், ஏனென்றால் வெந்த மாவுச்சத்தின் இழைகள் திரும்ப ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. குக்கீக்கு நேர்மாறான தொல்லை. அதில் ஈரம் மிகக் குறைவு, சர்க்கரையோ மிக அதிகம். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நமுத்துப்போகும். கரிசல் பூமி வறண்ட பூமிதான், என்றாலும் வடகிழக்குப் பருவமழை முடியாத டிசம்பர் காற்றில் ஈரம் உண்டு. ஆகவே முழுக்க ஆறிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமுக்கவைத்துவிடும். இப்படி வைத்தால் பத்து நாள் வரை நன்றாக இருக்கும். டப்பாவின் மேல் என்னென்ன போட்டீர்கள் என்று எழுதுங்கள். கோதுமையும் பாலும் கடலையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு சோதனையும் இருக்கிறது. முதலில் சொன்ன கழுவும் சோதனையைக் கம்பு மாவில் செய்து பாருங்கள். எல்லாமே கரைந்து போய்விடும், கையில் ரப்பர் கட்டி மிஞ்சாது. கம்பு, சோளம், குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. கம்பு மாவில் போளிக்கு மெல்லிசாகத் தட்ட முடியாது, பிளந்துவிடும். ஆனால் குக்கீக்கு வேண்டியதே அந்தக் குணம்தானே! 150 கிராம் மைதாவில் பாதியை எடுத்துவிட்டு 75 கிராம் கம்பு மாவைப் போட்டுப் பாருங்கள். மாவு புதிதாக அரைத்ததாக இருக்க வேண்டும். கம்பில் கொழுப்பு கோதுமையைவிட அதிகம். அரைத்து வைத்த சில நாளிலேயே அதன் நொதிகள் அந்தக் கொழுப்பைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். சாக்லேட்டில் பாதிக்கு வறுத்து உடைத்த நிலக்கடலை போடலாம், வெயிலிலும் உருகாது. அடுத்த தடவை கம்பை 100 கிராமாகக் கூட்டுங்கள், பிறகு 125. ஏதோ ஓர் அளவில் குக்கீ தூக்கும்போதே பொடிந்துபோகும். அந்த அளவைக் குறித்து வைத்து, அதற்கு ஒரு படி முந்தியதைப் பரிசு டப்பாவில் போடுங்கள்.