நியாயத்தீர்ப்பும் இரக்கமும்

கடவுள் இரக்கமுள்ளவரா, நியாயந்தீர்ப்பவரா என்னும் வினா இறையியல் மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. இவ்வினாவே இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திவிடுகிறது. அச்சுறுத்தும் பிரசங்கங்களைக் கேட்டுச் சலித்தவர்கள், நியாயத்தீர்ப்பைப்பற்றிப் பேசாதிருப்பதே நற்செய்திக்கு உகந்தது எனக் கருதுகின்றனர். இக்கருத்து சரிதானா என்பதை, இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானியத் திருச்சபை கற்ற பாடத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

1. திருமறையின் வழக்கு

முதலாவது, திருமறை வழங்கும் பொருளை நோக்குவோம். 'மிஷ்பாட்' என்னும் எபிரேயச் சொல் தண்டனையை மட்டும் குறிப்பதன்று. ஒடுக்கப்பட்டோருக்கு அவர்களுடைய உரிமையை மீட்டுத் தரும் செயலையும் குறிக்கும். 'ஷோபேட்' எனப்பட்ட நியாயாதிபதிகள் மக்களை விடுவித்தவர்களாகவும் இருந்தனர். ஆகவேதான் 96ஆம் சங்கீதத்தில், ஆண்டவர் நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காக வயல்களும் காட்டு மரங்களும் களிகூருகின்றன. தீர்ப்பு அச்சமா, நற்செய்தியா என்பது அதைக் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

2. தீர்ப்பில்லாத இரக்கம்

அடோல்ஃப் ஹார்னாக் 1899-1900இல் பெர்லினில் ஆற்றிய சொற்பொழிவுகளில், கடவுளின் தந்தைமையையும் மனித ஆன்மாவின் அளவிலா மதிப்பையும் முதன்மைப்படுத்தினார். இப்போதனையில் உண்மை உண்டு. ஆயினும், தன் நாட்டின் பண்பாட்டையே கடவுளின் பெயரால் கண்டிக்கும் கூர்மை அதற்கு இல்லாதிருந்தது. 1914 அக்டோபரில் ஜெர்மனியின் போர்ச் செயல்களுக்கு ஆதரவாக 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். அவரிடம் பயின்ற கார்ல் பார்த், அப்போது சுவிட்சர்லாந்தில் சாஃபன்வில் என்னும் ஊரில் ஆயராயிருந்தார். ஆசிரியர்களின் இச்செயல் அவரை உலுக்கியது. 1919இல் வெளிவந்து, 1922இல் புதிதாக எழுதப்பெற்ற அவரது ரோமர் நிருப விளக்கம், மனிதனின் சமயமுங்கூடக் கடவுளின் தீர்ப்புக்கு உட்பட்டதே என முழங்கியது.

1937இல் டீட்ரிக் போன்ஹோஃபர், மனந்திரும்புதலைக் கோராத மன்னிப்பை 'மலிவான கிருபை' என அழைத்தார். அத்தகைய கிருபை பாவியை விடுவிப்பதில்லை. பாவத்துக்கே அடைக்கலம் தருகிறது என்பது அவர் கண்ட உண்மை. அவர் 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளாசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

3. பெயரிடப்படாத பாவம்

அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில், ஜெர்மானியச் சுவிசேஷத் திருச்சபைத் தலைவர்கள் குற்ற அறிக்கையொன்றை வெளியிட்டனர். பல நாடுகளுக்கும் மக்களுக்கும் தங்களால் பெருந்துன்பம் விளைந்ததை அதில் ஏற்றுக்கொண்டனர். இது துணிவான செயலே. நாட்டில் இதற்குப் பலத்த எதிர்ப்பும் எழுந்தது. எனினும், கொன்றொழிக்கப்பட்ட யூத மக்களைப்பற்றி அவ்வறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. 1950இல் பெர்லின்-வைசன்சேயில் கூடிய பேரவைதான், யூதருக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் தன் மௌனத்தாலும் செயலின்மையாலும் திருச்சபைக்கும் பங்குண்டு என அறிக்கையிட்டது. பொதுவாகக் 'குற்றவாளிகள்' என்பதற்கும், 'இவர்களுக்கு இதைச் செய்தோம்' என்பதற்கும் இடையில் ஐந்து ஆண்டுகள் கடந்தன.

நாத்தான் தாவீதிடம் செய்தது இவ்விடைவெளியை அகற்றியதேயாகும் (2 சாமுவேல் 12). அநியாயக்காரனை எரிச்சலுடன் கண்டித்த அரசனுக்கு, அந்த அநியாயக்காரன் அவனே எனத் தீர்க்கதரிசி காட்டினான். பாவம் பெயர் பெற்ற பின்னரே மன்னிப்பின் சொல்லும் வந்தது. சகேயுவின் வீட்டிலோ இரக்கம் முதலில் நுழைந்தது. ஆனால் அவன் பறித்தவற்றை நாலத்தனையாய்த் திருப்பித்தர முன்வராமல் அந்நாள் முடியவில்லை (லூக்கா 19). வரிசை எதுவாயினும் இரண்டும் பிரிவதில்லை.

4. நம் பணிக்கு

அப்படியாயின் நரக அக்கினிப் பிரசங்கத்துக்கே திரும்பவேண்டுமோ? அன்று. நம்மை நியாயந்தீர்ப்பவர் நமக்காகச் சிலுவையில் தீர்ப்பை ஏற்றவரே. ஆகையால் அவருடைய தீர்ப்பு நம்மை அழிக்கவன்று, உண்மைக்குள் கொண்டுவரவே வருகிறது.

ஞாயிறுதோறும் நாம் பொதுப் பாவ அறிக்கை செய்து, பாவமன்னிப்பு கூறுகிறோம். அதே சபையில் சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டம் பிரிக்கப்பட்டிருக்குமாயின், நாம் அறிக்கையிட்டது எந்தப் பாவத்தை? யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரை மறந்துவிட்டு மன்னிப்பை மட்டும் அறிவிக்கும் ஆயர், தீங்கு செய்தவனுக்கும் இரக்கம் காட்டியவராகார். அவனை அவன் பாவத்திலேயே விட்டுச் செல்கிறார். பாவத்தைப் பெயரிட்டு அழைப்பதும் இரக்கத்தின் ஊழியமே என்பதை நாம் மறவாதிருப்போமாக.