ஒரே கணக்கு, இரண்டு கிடங்கு

எல்லாச் சரக்கையும் ஒரே கிடங்கில் அடுக்கக்கூடாது என்பது நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் இன்று கொள்முதல், விற்பனை, கடன் பாக்கி எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அந்தப் பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பட்டினப்பாக்கத்தில் எங்கள் மொத்தக் கடையில் நாங்களும் கேட்கவில்லை. பில் போடும் மூன்று மேசைகளுக்கும் பொதுவாக ஒரு சர்வர். இடம் நிறைந்துவிட்டது என்றதும், வேலை பார்க்க வந்தவர் இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்து இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுத்தார். சில மாதங்களில் புதிய டிஸ்க் பழுதானது. பழையது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு திறக்கவில்லை. வேறு நகலும் இல்லை. சில்லறைக் கடைக்காரர்கள் தம் கையிலிருந்த பில்களைக் கொண்டுவந்து காட்டியதால்தான் பாக்கிப் பட்டியலைத் திரும்ப எழுத முடிந்தது. அந்த நாணயத்தை நாங்கள் மறக்கமாட்டோம்.

நடந்தது என்ன என்று பிறகு விசாரித்தோம். டிஸ்க் என்பது கிடங்கு. லினக்ஸ் சர்வரில் டிஸ்க்கின் இடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். வழக்கமாக ஒரு துண்டு 4 எம்.பி. எல்லா டிஸ்க்குகளின் துண்டுகளையும் ஒரே கையிருப்பாக்கி, 'கணக்குக்கு இவ்வளவு, கேமரா பதிவுக்கு இவ்வளவு' என்று ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்கிய பங்குக்கு லாஜிக்கல் வால்யூம் என்று பெயர். இருப்புப் புத்தகத்தில் 'துவரம் பருப்பு 200 மூட்டை' என்று ஒரே வரி இருக்கும். மூட்டைகள் இரண்டு கிடங்கில் இருக்கும். அதுபோலத்தான்.

ஆனால் ஒரு வேற்றுமை. ஒரு கிடங்கு எரிந்தால் மற்றதில் உள்ள பருப்பை விற்கலாம். கணக்கு இரண்டு டிஸ்க்கிலும் பரவியிருந்து ஒன்று போனால், மிச்சமுள்ள பாதி பெரும்பாலும் உதவாது. எங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இதற்கு வழி உண்டு. கணக்குக்கு ஒதுக்கும் வால்யூமை இரட்டைப் பிரதியாக, ஒவ்வொன்றும் தனி டிஸ்க்கில் இருக்கும்படி அமைக்கச் சொல்லலாம். இடம் இரு மடங்கு பிடிக்கும். கேமரா பதிவுக்கு அது வேண்டாம். கணக்குக்குக் கட்டாயம் வேண்டும். ஒரே டிஸ்க்கை இரண்டாகத் தடுத்து, இரண்டு டிஸ்க் போலக் காட்டியிருந்தால் பயனில்லை. தட்டி வைத்துத் தடுத்தால் ஒரு கிடங்கு இரண்டு கிடங்காகிவிடாது.

இரட்டைப் பிரதியும் முழுக் காவல் அல்ல. தவறுதலாக ஒரு பதிவை அழித்தால் இரண்டிலும் அழியும். பெட்டி நனைந்தால் இரண்டும் போகும். 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளத்தையும் பார்த்த பகுதி எங்களுடையது. ஆகவே தினமும் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வைக்கிறோம்.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்கவேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்தால், அது அழிந்தாலும் மீட்கும்படி நகல் இருக்கவேண்டும் என்பது விதி.

இன்றே உங்கள் கம்ப்யூட்டர்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் கணக்கு எந்த டிஸ்க்கில் இருக்கிறது? ஒரு டிஸ்க் போனால் என்ன மிஞ்சும்? கடைக்கு வெளியே நகல் எங்கே? பதில் வராவிட்டால் அன்றே ஆளை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.