கடைசி லாப்பியன் (புதினம்)

கடைசி லாப்பியன் என்பது பிரெஞ்சு இதழாளர் ஒலிவியே ட்ரூக் எழுதிய துப்பறியும் புதினம் ஆகும். 2012 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் 'லெ டெர்னியே லாப்போன்' என்ற பெயரில் வெளிவந்தது. நோர்வேயின் வடகோடியில், பின்லாந்து எல்லையை ஒட்டிய கவுத்தோகெய்னோ என்னும் சிற்றூரில் கதை நிகழ்கிறது. திருடுபோன ஒரு பறை, கொலையுண்ட ஒரு துருவ மான் மேய்ப்பர் ஆகிய இரண்டு மர்மங்களைக் கொண்டு, சாமி மக்கள் என்னும் பழங்குடியினர் இழந்தவற்றை இப்புதினம் பேசுகிறது. 2014 இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு 'நிழலற்ற நாற்பது நாட்கள்' எனப் பொருள்படும்.

கதைக்களம்

சாமி மக்கள் நோர்வே, சுவீடன், பின்லாந்து, உருசியா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதிகளில் பரவி வாழ்கின்றனர். அவர்களின் தாயகம் சாப்மி எனப்படும். முன்னர் பிறர் அவர்களைக் குறிக்கப் பயன்படுத்திய 'லாப்பியர்' என்னும் சொல் இன்று இழிவானதாகக் கருதப்படுகிறது. புதினத்தின் மூலத் தலைப்பு அச்சொல்லையே தாங்கியிருப்பது கவனிக்கத்தக்கது.

கவுத்தோகெய்னோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, ஏறத்தாழ 69 பாகை வட அகலாங்கில் உள்ளது. பரப்பளவில் நோர்வேயின் மிகப்பெரிய நகராட்சி இதுவே. ஆயினும் இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 3,000 பேர் மட்டுமே. புவியின் அச்சு சாய்ந்திருப்பதால் குளிர்காலத்தில் பல வாரங்கள் இங்கு கதிரவன் தொடுவானத்துக்கு மேல் எழுவதில்லை. இதனைத் துருவ இரவு என்பர். சனவரி மாதத்தில் துருவ இரவு முடிவுறும் வேளையில் கதை தொடங்குகிறது. தொடர்ந்து வரும் நாட்களின் தலைப்பில் கதிரவன் எழும் நேரமும் மறையும் நேரமும் தரப்படுகின்றன. முதல் நாளில் அரை மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும் பகல் நாள்தோறும் நீள்கிறது. துப்பு துலங்குவதும் ஒளி கூடுவதும் ஒன்றாக நடைபெறுகின்றன.

கதைச் சுருக்கம்

கவுத்தோகெய்னோவின் அருங்காட்சியகத்துக்கு நெடுங்காலத்துக்குப் பின் பழைய சாமி பறை ஒன்று வந்து சேர்கிறது. பல்லாண்டுகளுக்கு முன் அங்கு ஆய்வுப் பயணம் வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதனைப் பாதுகாத்து வைத்திருந்தார். மக்களின் பார்வைக்கு வைக்கப்படும் முன்னரே பறை களவு போகிறது. அடுத்து மாத்திஸ் என்னும் ஏழை மேய்ப்பர் கொலை செய்யப்படுகிறார். அவருடைய இரு காதுகளும் அறுத்து நீக்கப்பட்டுள்ளன.

துருவ மான் காவல்துறையைச் சேர்ந்த கிளெமெத், நீனா ஆகிய இருவரும் இந்நிகழ்வுகளை ஆராய்கின்றனர். மேய்ப்பர்களுக்கு இடையிலான பகை, உள்ளூர் அரசியல், கனிம வளத்தைத் தேடி வரும் வெளிநாட்டு நிலவியலாளர் ஒருவரின் நடமாட்டம் ஆகியவை விசாரணையில் ஒன்றுடன் ஒன்று பின்னிக்கொள்கின்றன. புதினத்தைப் படிக்க விரும்புவோரைக் கருதிக் கதையின் முடிவு இங்கு தரப்படவில்லை.

முதன்மைக் கதைமாந்தர்

கிளெமெத் நாங்கோ - நடுத்தர வயதுடைய சாமி காவலர். தாய்மொழியில் பேசத் தடை இருந்த உறைவிடப் பள்ளியில் படித்தவர். அரசின் சீருடைக்கும் சொந்த இனத்துக்கும் இடையில் நிற்பவர்.

நீனா நான்சென் - தென்னோர்வேயிலிருந்து புதிதாக வந்த இளம் காவலர். வடபகுதியைப் பற்றி ஏதும் அறியாதவர். அவர் கேட்கும் கேள்விகள் வழியாகவே வாசகரும் அப்பகுதியை அறிந்துகொள்கிறார்.

அஸ்லாக் - பனிவண்டி முதலிய புதிய கருவிகளை ஒதுக்கிப் பழைய முறையில் மந்தை மேய்ப்பவர்.

காதுக்குறி

புதினத்தின் மையத் தடயத்தை விளங்கிக்கொள்ளத் துருவ மான் மேய்ச்சலின் ஓர் அடிப்படை விதியை அறிதல் வேண்டும். மந்தைகள் வேலியின்றித் திறந்த வெளியில் மேய்வதால் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே கன்றாக இருக்கும்போதே ஒவ்வொரு மானின் காது ஓரத்திலும் உரிமையாளருக்கு உரிய வெட்டுக்குறி கத்தியால் இடப்படுகிறது. இக்குறிகள் பதிவு செய்யப்பட்டவை. காதை அகற்றிவிட்டால் மான் யாருடையது என்று மெய்ப்பிப்பது கடினம். ஆகவே மான் திருடுவோர் முதலில் மறைக்க முயல்வது காதுகளையே. மனிதனின் காதுகளை அறுத்த கொலையாளி இந்த மொழியை அறிந்தவனா, அல்லது அறிந்தவனைப் போல் நடிக்கிறானா என்பதே காவலர்களின் முன்னுள்ள கேள்வி.

துருவ மான் காவல்துறை கற்பனை அன்று. நோர்வேயில் 1949 ஆம் ஆண்டு முதல் இத்தகைய சிறப்புப் பிரிவு இயங்கி வருகிறது. மான் திருட்டைத் தடுப்பதுடன் மேய்ச்சல் நிலத் தகராறுகளைத் தீர்த்து வைப்பதும் அதன் பணி ஆகும். ஒலிவியே ட்ரூக் 1994 முதல் சுவீடனில் வாழ்ந்து வருபவர். புதினம் எழுதும் முன்னர் இக்காவல்துறையைப் பற்றி ஆவணப்படம் ஒன்றையும் உருவாக்கினார்.

பறையின் வரலாறு

சாமி சமயத்தில் நோவாய்தி எனப்பட்ட பூசாரிகள் பறையைப் பயன்படுத்தினர். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துருவ மான் தோலின்மேல் ஆல்டர் மரப்பட்டையின் செந்நிறச் சாற்றால் தெய்வங்கள், விலங்குகள், மனிதர் ஆகிய உருவங்கள் தீட்டப்பட்டிருக்கும். மான் கொம்பாலான சுத்தியலால் தட்டும்போது தோலின்மேல் வைத்த வளையம் நகர்ந்து சென்று நிற்கும் உருவத்தைக் கொண்டு குறி சொல்வர்.

17, 18 ஆம் நூற்றாண்டுகளில் கிறித்தவ மதபோதகர்களும் அரச அதிகாரிகளும் பறைகளைப் பறித்தனர், பல எரிக்கப்பட்டன. இன்று உலகில் ஏறத்தாழ 70 பழைய பறைகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று ஆண்டர்சு போல்சன் என்னும் முதியவருடையது. பறை வைத்திருந்ததற்காக அவர் 1692 இல் வாட்சோ நகரில் விசாரிக்கப்பட்டார். தீர்ப்பு வரும் முன்னரே காவலில் இருந்தபோது கொல்லப்பட்டார். அவரது பறை டென்மார்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1979 இல் அது காராசோக் அருங்காட்சியகத்துக்குக் கடனாகவே தரப்பட்டது. உரிமை 2022 இல்தான் சாமி மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. புதினத்தில் ஒரு பறையின் திருட்டு ஊரையே கொந்தளிக்கச் செய்வதன் காரணம் இதனால் விளங்கும்.

எல்லைகள்

1751 ஆம் ஆண்டின் எல்லை உடன்படிக்கை, சாமி மக்கள் நோர்வே-சுவீடன் எல்லையைக் கடந்து மான்களை மேய்க்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. பின்லாந்து உருசியப் பேரரசின் கீழ் இருந்தபோது, 1852 இல் நோர்வே-பின்லாந்து எல்லை மேய்ச்சலுக்கு மூடப்பட்டது. மந்தைகள் தம் பழைய குளிர்கால மேய்ச்சல் நிலங்களை இழந்தன. அதே ஆண்டு நவம்பரில் கவுத்தோகெய்னோவில் நிகழ்ந்த கிளர்ச்சியில் சாராய வணிகரும் அரசு அதிகாரி ஒருவரும் கொல்லப்பட்டனர். கிளர்ச்சியின் தலைவர்கள் இருவர் 1854 இல் தூக்கிலிடப்படாமல் தலை துண்டிக்கப்பட்டனர். ஆய்வுக்கென எடுத்துச் செல்லப்பட்ட அவர்களின் மண்டையோடுகள் 1997 இல்தான் அடக்கம் செய்யப்பட்டன. புதினத்தின் மாந்தர் இத்தகைய நினைவுகளைச் சுமந்தவர்கள்.

கனிமங்கள் பற்றிய அச்சமும் மெய்யானதே. கவுத்தோகெய்னோவில் முன்பு இயங்கிய பிஜோவாகி பொன், செப்புச் சுரங்கத்தை மீண்டும் திறக்கும் திட்டத்தை, மேய்ச்சல் நிலம் பாதிக்கப்படும் என்ற எதிர்ப்புக்கிடையே, 2010களின் தொடக்கத்தில் நகராட்சி மன்றம் ஏற்க மறுத்தது.

வரவேற்பு

இப்புதினம் 2013 இல் லியோன் நகரின் துப்பறியும் இலக்கிய விழாவில் பரிசு பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2014 இல் பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் பன்னாட்டு விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கிளெமெத், நீனா இணை பின்னர் வந்த புதினங்களிலும் தொடர்கின்றது.

சாமி மக்களின் கதையை வெளியார் ஒருவர் எழுதியுள்ளார் என்பது இப்புதினத்தைப் படிப்போர் மனத்தில் கொள்ள வேண்டியது. உறைவிடப் பள்ளிகள் உள்ளிட்ட 'நோர்வேமயமாக்கல்' கொள்கையை ஆராய நோர்வே நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 2023 இல் தன் அறிக்கையை அளித்தது. 2024 இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது. கிளெமெத்தின் பள்ளி நினைவுகள் அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னரே புனைவாக எழுதப்பட்டவை.