கச்சேரி மேடையும் காபி ஃபில்டரும்

மார்கழிக் கச்சேரியில் உட்கார்ந்திருக்கும்போது மேடை நம் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. பாடகரின் நெற்றி, வயலின் வில், மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக இருக்கும் கரணை வரை தெரியும். அதே மேடையை முதன்முதலாகக் கேமராவில் எடுப்பவருக்குக் கிடைப்பது வேறு. முகம் வெளுத்திருக்கும், கைகள் கரைந்திருக்கும், பின்திரை முழுக்கப் புள்ளிகள் மொய்த்திருக்கும். கேமரா சரியில்லை என்று முடிவு கட்டி, விலை கூடிய ஒன்றைத் தேடத் தொடங்குவார்கள். அதற்கு அவசரம் வேண்டாம். உள்ளே நடப்பது புரிந்தால் கையில் இருப்பதை வைத்தே பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம்.

சமையலறையில் இருக்கும் காபி ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். டிகாஷன்தான் வெளிச்சம். மேல் பாத்திரத்தின் அடியில் உள்ள துளை எவ்வளவு பெரிது, எவ்வளவு நேரம் இறங்க விடுகிறோம், இறங்கியது போதாவிட்டால் எவ்வளவு பால் விட்டு டம்ளரை நிரப்புகிறோம் என்பதுதான் கணக்கு. கேமராவில் இவற்றுக்கு அபெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்று பெயர். டம்ளர் நிறைந்தால் படம் பிரகாசமாக இருக்கும். வெயிலில் டிகாஷன் கொட்டுகிறது. எப்படி வைத்தாலும் டம்ளர் நிறைந்துவிடும். சபா அரங்கில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும்.

முதலில் துளை. எஃப்/1.8, எஃப்/5.6 என்ற எண்களில் சிறியதுதான் பெரிய துளை. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/5.6 என்றால் துளையின் விட்டம் ஏறக்குறைய 9 மி.மீ.; எஃப்/1.8 என்றால் 28 மி.மீ. பரப்பில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். கேமராவோடு வரும் 18-55 ஜூம் லென்ஸ், முழு ஜூமில் பெரும்பாலும் எஃப்/5.6தான். பணம் செலவழிப்பதானால் புது கேமராவை விட்டுவிட்டு ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள். லென்ஸ்களில் விலை குறைந்த வகைகளில் ஒன்று அது. (துளைப் பெருக்கத்தின் உச்சம் 1975இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' திரைப்படம். நாசாவுக்காகச் செய்யப்பட்ட எஃப்/0.7 ஸைஸ் லென்ஸைக் கொண்டு ஸ்டான்லி குப்ரிக் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார்.) துளை பெரிதானால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுருங்கும். பாடகரின் முகம் தெளிவாக இருக்க, பின்னால் இருக்கும் தம்புரா மங்கிவிடும். அதில் தவறில்லை. ஆனால் கேமரா மைக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடாமல், ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் நீங்களே நகர்த்தி வையுங்கள்.

அடுத்தது பால், அதாவது ஐஎஸ்ஓ. ஆரம்பக்காரர்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் கூடுவதில்லை. வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? சென்சாரில் ஒரே டம்ளர் இல்லை. கோடிக்கணக்கில் நுண்ணிய டம்ளர்கள் வரிசையாக இருக்கின்றன. வெளிச்சம் துகள் துகளாக விழுகிறது. கொஞ்ச நேரமே திறந்திருந்தால் ஒன்றில் ஏழு சொட்டு விழும், பக்கத்தில் பதின்மூன்று விழும். எல்லாவற்றையும் பால் விட்டு நிரப்பும்போது ஒன்று வெளிறியும் மற்றது திக்காகவும் நிற்கிறது. பத்தாயிரம் சொட்டு விழுந்திருந்தால் நூறு கூடினாலும் குறைந்தாலும் நமக்குத் தெரியாது. ஆக, குறை பாலில் இல்லை. டிகாஷன் குறைவாக இறங்கியதில் இருக்கிறது. ஐஎஸ்ஓ 3200, 6400 என்று தைரியமாக ஏற்றுங்கள். புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். அசைந்து கலங்கிய முகத்தைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

பின்திரை இருட்டாக, முகம் மட்டும் விளக்கில் இருக்கும்போது கேமரா மொத்தத்துக்கும் சராசரி பார்க்கிறது. இருட்டுதான் அதிகம் என்பதால் இன்னும் ஊற்றச் சொல்கிறது. முகம் இருக்கும் டம்ளர்கள் வழிந்துவிடுகின்றன. வழிந்தது போனதுதான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1க்குத் தள்ளுங்கள், அல்லது ஸ்பாட் மீட்டரிங்கில் முகத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். படக் கோப்பை ரா வடிவத்தில் வைத்துக்கொள்வதும் நல்லது. அது தனி டிகாஷன். ஜேபெக் என்பது சர்க்கரை வரை போட்டுக் கலந்துவிட்ட காபி. ஊதாவும் சிவப்புமாக மாறும் மேடை விளக்கில் தோலின் நிறத்தைப் பிறகு மீட்க, கலக்காதது வேண்டும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பத்தாவது வரிசையிலிருந்து அடித்தால் முன்னால் இருப்பவர்களின் தலைதான் வெளுக்கும், பாடுபவரின் கண்ணும் கூசும். சபாவில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சத்தமில்லாத ஷட்டர் நல்லது. எல்இடி விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் வேகத்தை 1/100க்கோ 1/50க்கோ மாற்றிப் பாருங்கள். நம் ஊர் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன.

நேரத்தை, அதாவது ஷட்டர் வேகத்தை, கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் மற்ற இரண்டையும்விட இதில்தான் எடுப்பவரின் திறமை இருக்கிறது. நிதானமாக ஆலாபனை செய்பவருக்கு 1/125 நொடி போதும். வயலின் வில்லுக்கு 1/250. மிருதங்க விரல்களை உறைய வைக்க 1/500 வேண்டும். அந்த வெளிச்சம் பெரும்பாலும் இருக்காது. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், மிருதங்கக்காரரின் கையை நிறுத்தாது. செல்போனின் நைட் மோட் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒன்றாகச் சேர்க்கிறது. தம்புரா போடுபவருக்குச் சரி, மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு அது கைகொடுக்காது.

ஆனால் கச்சேரியில் எந்தக் கையும் ஓயாமல் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வில் மேலிருந்து கீழே திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. மிருதங்கத்துக்கு ஓங்கிய கை உச்சியில் நிற்கிறது. தாளம் போடும் கை தட்டிவிட்டு எழுமுன் தொடையில் தங்குகிறது. அந்த இடங்களில் 1/60க்குக்கூடத் தெளிவான படம் விழும். கேமராவைக் கண்ணில் வைத்தபடியே கால் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருங்கள். இருட்டில் அதைவிடப் பெரிய உதவி இல்லை. தனி ஆவர்த்தனத்தின் இறுதியில் மோரா என்ற சொற்கட்டு முடிந்து, கோர்வை என்ற நிறைவுப் பகுதி வரும். பெரும்பாலும் அதை மூன்று தடவை வாசிப்பார்கள். முதல் தடவையில் ஃபோகஸ் பாருங்கள், இரண்டாவதில் ஃபிரேமைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது தடவை சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும்போது பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சமத்துக்குக் காத்திருந்து அழுத்தினால் விரல் பிந்திவிடும். அரை அட்சரம் முன்னதாகவே தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்கிவிடுங்கள்.