மீலாது கூடுமா, கூடாதா?

ரபீஉல் அவ்வல் பிறை தெரிந்த அன்றே இரண்டு வகைச் செய்திகள் கைப்பேசிக்கு வரத் தொடங்கிவிடும். நபி (ஸல்) அவர்கள் பிறந்த மாதம், மவ்லிது ஓதுங்கள், ஏழைகளுக்குச் சோறு போடுங்கள் என்று ஒன்று. நபியவர்கள் செய்யாததை மார்க்கத்தில் நுழைப்பது வழிகேடு, அந்தச் சோற்றைக்கூடத் தொடாதீர்கள் என்று இன்னொன்று. இரண்டையும் அனுப்புகிறவர்கள் ஒரே குடும்பத்தில் இருப்பதும் உண்டு. இரு தரப்பும் ஆயத்து, ஹதீஸ் காட்டுகின்றன. இரு தரப்பும் நபியின் மீதுள்ள அன்பினால்தான் பேசுகின்றன. அப்படியானால் உண்மையில் எந்த இடத்தில் பிரிகிறார்கள்?

யாரும் மறுக்காததை முதலில் பார்த்துவிடலாம். நபியவர்கள் தம் பிறந்தநாளை ஆண்டுதோறும் விழாவாக எடுக்கவில்லை. ஸஹாபாக்கள் எடுக்கவில்லை. நான்கு மத்ஹபுகளின் இமாம்கள் காலத்திலும் அப்படியொரு விழா இருந்ததற்குச் சான்று இல்லை. இதை எதிர்ப்பாளர்கள் மட்டும் சொல்லவில்லை. மீலாதை ஆதரித்த ஹதீஸ் மேதை இப்னு ஹஜர் அஸ்கலானி (இறப்பு 1449), முதல் மூன்று நூற்றாண்டு முன்னோர்களிடமிருந்து இது வரவில்லை என்று எழுதிவிட்டுத்தான் தம் ஆதரவு வாதத்தையே தொடங்குகிறார். ஆகவே மீலாது ஸஹாபாக்கள் காலத்து வழக்கம் என்று இன்று மேடையில் யாராவது முழங்கினால், அவர் தம் தரப்பு அறிஞர்களையே படிக்கவில்லை என்று பொருள்.

பிறந்த நாளைப் பற்றி நபியவர்களே பேசிய ஹதீஸ் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்டபோது, அது தாம் பிறந்த நாள், தமக்கு வஹீ அருளப்பட்ட நாள் என்று பதில் சொன்னார்கள். ஆதரிப்பவர்கள் இதில் பிறந்த நாளுக்கு நன்றி செலுத்தும் கருத்தைக் காண்கிறார்கள். எதிர்ப்பவர்கள், அப்படியானால் அவர்கள் செய்தபடி வாரந்தோறும் நோன்பு வையுங்கள், ஆண்டுக்கொரு பிறையைக் குறித்து விருந்து வைக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

பிறந்த கிழமை இப்படி உறுதியாக இருந்தாலும், தேதி உறுதியாக இல்லை. பிறை 12 என்பது பழைய சீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக்கின் கூற்று. அதுவே மக்களிடம் நிலைத்தது. 2, 8, 10 என்றும் அறிவிப்புகள் உண்டு. எகிப்திய வானியலாளர் மஹ்மூத் பாஷா கணக்கிட்டுச் சொன்னது பிறை 9. ஷியாக்களிடம் 17. அந்தத் தேதி மார்க்கச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தால் முந்தைய தலைமுறையினர் அதைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள் என்ற வாதம் எனக்கு வலுவானதாகவே படுகிறது. உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் ஆண்டுக்கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று ஆலோசித்தபோது, நபியின் பிறப்பும் ஒரு யோசனையாகப் பேசப்பட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டது ஹிஜ்ரத்.

அப்படியானால் விழா எப்போது வந்தது? கெய்ரோவை ஆண்ட, ஷியாக்களான ஃபாத்திமி கலீஃபாக்கள் நபியின் பிறந்தநாளோடு அலீ, ஃபாத்திமா, ஹஸன், ஹுஸைன் (ரலி) ஆகியோருடைய பிறந்தநாள்களையும், ஆளும் கலீஃபாவின் பிறந்தநாளையும் அரண்மனைச் சடங்காக நடத்தினார்கள். அதிகாரிகளுக்கும் காரிகளுக்கும் இனிப்பு வழங்கப்பட்டது. அது பெரும்பாலும் அரசவை நிகழ்ச்சி. எதிர்ப்பவர்கள் இந்த ஷியா மூலத்தை அழுத்திச் சொல்வதன் காரணம் புரிகிறது. ஆனால் சுன்னி உலகில் மக்கள் விழாவாக இது புகழ்பெற்றது இன்றைய வட இராக்கில் உள்ள இர்பில் நகரில். சுல்தான் ஸலாஹுத்தீனின் தங்கையை மணந்த முளஃப்பருத்தீன் கோக்புரி (இறப்பு 1233) அங்கே ஆட்சி செய்தார். இர்பிலில் பிறந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் அந்த விழாவை விரிவாக எழுதியிருக்கிறார்: பல அடுக்கு மரப் பந்தல்கள், மேளத்தோடு திடலுக்கு ஓட்டிவரப்படும் ஒட்டகங்களும் மாடுகளும் ஆடுகளும், இரவில் தீவட்டி ஊர்வலம், சூஃபிகளின் இசைச் சபை, வெளியூர்களிலிருந்து வந்து குவியும் ஆலிம்கள். தேதியில் கருத்து வேறுபாடு இருந்ததால் மன்னர் ஓராண்டு பிறை 8இலும் மறு ஆண்டு 12இலும் விழாவை நடத்தினார் என்ற குறிப்பும் அதில் வருகிறது. மேற்கிலிருந்து வந்த இப்னு திஹ்யா என்ற அறிஞர் ஹிஜ்ரி 604இல் அவருக்காக மீலாது நூல் ஒன்றை எழுதி 1000 தீனார் பரிசு பெற்றார்.

இனி விவாதத்தின் மையத்துக்கு வருவோம். மார்க்கத்தில் இல்லாததைப் புதிதாக உண்டாக்கினால் அது தள்ளப்படும் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. ஒவ்வொரு பித்அத்தும் வழிகேடு என்று முஸ்லிமில் இருக்கிறது. இந்த வாசகங்களை மேலோட்டமாக எடுத்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ரமழானில் மக்களை ஒரே இமாமின் பின்னால் தராவீஹ் தொழ ஒன்றுசேர்த்துவிட்டு, இது நல்ல பித்அத் என்று உமர் (ரலி) அவர்களே சொன்னார்கள். அது புகாரியில் உள்ளது. இமாம் ஷாஃபி, குர்ஆன் சுன்னத்துக்கு முரணான புதுமையைத்தான் வழிகேடு என்றார். முரண்படாத நன்மையை அதில் சேர்க்கவில்லை. பின்னால் வந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (இறப்பு 1262) பித்அத்தை வாஜிப் முதல் ஹராம் வரை ஐந்தாக வகுத்தார். குர்ஆனை ஒரே நூலாகத் தொகுத்தது, எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் இட்டது, மதரஸா கட்டியது எல்லாம் நபிக்குப் பிறகு வந்தவைதானே என்பது இந்தத் தரப்பின் வாதம்.

இதற்கு எதிர்த்தரப்பு தரும் பதிலைத்தான் நம் ஊர் மேடைகளில் யாரும் சரியாக எடுத்துவைப்பதில்லை. இப்னு தைமிய்யா (இறப்பு 1328) சொல்வது இதுதான். குர்ஆனைத் தொகுக்க வேண்டிய தேவை நபியின் காலத்தில் இல்லை, பிறகுதான் வந்தது. தராவீஹுக்கு மூலம் நபியவர்களே தொழுததில் இருக்கிறது. கடமையாகிவிடுமோ என்ற அச்சம்தான் அவர்களைத் தடுத்தது. மீலாது அப்படியல்ல. அதற்கான காரணமாகிய நபியின் மீதுள்ள அன்பு ஸஹாபாக்களிடம் நம்மைவிடப் பல மடங்கு இருந்தது. செய்ய விடாமல் தடுத்தது எதுவும் இல்லை. இருந்தும் அவர்கள் செய்யவில்லை. காரணம் இருந்து, தடை இல்லாமல், விடப்பட்ட ஒன்றை வணக்கமாகப் பின்னால் சேர்ப்பதுதான் பித்அத். ஸ்பெயினின் மாலிகி அறிஞர் ஷாதிபியும் (இறப்பு 1388) நபி பிறந்த நாளைப் பெருநாளாக ஆக்குவதை பித்அத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்கிறார்.

ஆதரிப்பவர்கள் சொல்லும் பதிலும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஒன்றைச் செய்யாமல் விட்டது மட்டுமே அது ஹராம் என்பதற்கு ஆதாரமாகாது. தடுத்ததற்கு வாசகம் வேண்டும். மீலாதில் நடப்பவை ஸலவாத், குர்ஆன் ஓதுதல், நபியின் வரலாறு சொல்லுதல், உணவளித்தல். இவை ஒவ்வொன்றும் எந்த நாளிலும் விரும்பத்தக்கவை. அவற்றை ஒரு நாளில் சேர்த்துச் செய்வதால் நன்மை தீமையாகிவிடுமா? இமாம் ஸுயூத்தி (இறப்பு 1505) இதற்கென்றே எழுதிய சிறு நூலின் முடிவும் இதை ஒட்டியதே. மக்கள் கூடி ஓதி, நபியின் வரலாறு கேட்டு, உண்டுவிட்டுக் கலைந்தால் அது நற்கூலிக்குரிய புதுமை என்கிறார் அவர். இப்னு ஹஜர் ஆஷூரா நோன்பைத் துணைக்கு எடுக்கிறார்: மூஸா (அலை) காப்பாற்றப்பட்ட நாளுக்காக நபியவர்கள் நோன்பு வைத்ததால், அருள் கிடைத்த நாள் ஆண்டில் திரும்பி வரும்போது நன்றி செலுத்தலாம் என்பது விளங்குகிறது. ஆஷூரா நபியே காட்டித் தந்தது, மதீனாவாசிகளின் பழைய நாள்களுக்குப் பதிலாக அல்லாஹ் தந்தவை இரண்டு பெருநாள்களே என்று மறுதரப்பு இங்கேயும் பதில் வைத்திருக்கிறது.

இரு பக்கமும் நொண்டி வாதங்கள் இல்லாமல் இல்லை. நபி பிறந்த மகிழ்ச்சியில் அடிமைப் பெண் ஸுவைபாவை விடுதலை செய்ததால் அபூலஹபுக்குத் திங்கட்கிழமை வேதனை குறைகிறது என்ற செய்தி ஒரு கனவு; அதை வைத்துச் சட்டம் எடுக்க முடியாது. நபியவர்கள் அதே மாதத்தில்தான் மறைந்தார்கள், எனவே மகிழ்ச்சி தகாது என்பதும் அப்படித்தான். இந்தக் கேள்வியை எழுப்பிய மாலிகி அறிஞர் ஃபாகிஹானிக்கு ஸுயூத்தி சொன்ன பதில் அழகானது: குழந்தை பிறந்தால் அகீகா கொடுக்கச் சொன்ன ஷரீஅத், இறப்புக்காக அறுக்கச் சொல்லவில்லை; ஒப்பாரியையும் தடுத்தது.

இந்த அறிஞர்களிடம் இருந்த நுட்பம் இன்று நம்மிடம் இல்லையே என்பதுதான் என் வருத்தம். ஃபாகிஹானி மீலாதை மறுத்து எழுதியவர். ஆனாலும் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் உணவளிப்பதை ஒரு வகையாகவும், பிறரிடம் நெருக்கி வசூலித்து ஆட்டம் பாட்டத்தோடு நடத்துவதை வேறு வகையாகவும் பிரித்தார். முதலாவதை வெறுக்கத்தக்க பித்அத் என்றார், இரண்டாவதை ஹராம் என்றார். மீலாதைக் கடுமையாகக் கண்டித்த இப்னுல் ஹாஜ், அதே பக்கங்களில் ரபீஉல் அவ்வலில் தர்மத்தையும் நல்லறத்தையும் கூட்டிச் செய்யுங்கள் என்கிறார். இப்னு தைமிய்யாவோ, செயல் பித்அத் என்று சொன்ன கையோடு, நபியின் மீதுள்ள அன்பினால் செய்கிற சிலருக்கு அந்த எண்ணத்துக்காகப் பெரிய கூலி கிடைக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அவரைத் தலைமேல் வைத்திருப்பவர்கள் மேடையில் இதைச் சொல்லிக் கேட்டவர் எத்தனை பேர்?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மீலாது என்றால், மாதத்தின் முதல் 12 நாள் பள்ளியிலும் வீட்டிலும் சுப்ஹான மவ்லிது ஓதுவது, ஸலாம் பைத்துக்கு எழுந்து நிற்பது, நார்சா கொடுப்பது, மீலாது மேடை, சில ஊர்களில் ஊர்வலம். கூடுமா என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் இவை அனைத்தும் ஒரே மூட்டையாகிவிடுகின்றன. தனித்தனியே கேட்க வேண்டும். பிறந்த மாதத்தையொட்டி சீரத் கூட்டம் நடத்துவது ஒரு கேள்வி. ஓதப்படும் அரபு நூலில் என்ன இருக்கிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. சுப்ஹான மவ்லிதின் சில அடிகள் பாவமன்னிப்பை நபியிடமே கேட்பதுபோல் அமைந்துள்ளன என்பது எதிர்ப்பவர்களின் முக்கியமான குற்றச்சாட்டு. அவை பரிந்துரை வேண்டும் கவிமொழி என்பது ஆதரிப்பவர்கள் தரும் விளக்கம். ஈஸா நபியைக் கிறிஸ்தவர்கள் வரம்பு மீறிப் புகழ்ந்ததுபோல் தம்மைப் புகழ வேண்டாம் என்று நபியவர்கள் எச்சரித்திருக்க, பொருள் தெரியாமல் ஓதுவது யாருக்கும் பாதுகாப்பல்ல. ஓதுகிற வீட்டில் தமிழ்ப் பொருளையும் வாசியுங்கள்; மனம் ஒப்பாத அடியை விட்டுவிடுங்கள். அதை விட்டதால் எந்த ஆலிமின் பார்வையிலும் குற்றம் வராது, ஏனெனில் மவ்லிது நூல் எதுவும் கடமையல்ல.

நிற்பதும் அப்படியே. மரியாதைக்காக நிற்பது வேறு, நபியவர்கள் அந்த நேரத்தில் சபைக்கு வருகிறார்கள் என்ற நம்பிக்கையோடு நிற்பது வேறு. பின்னதற்கு ஆதாரம் இல்லை. நிற்காதவரை முறைப்பதற்கு முன்னதிலும் இடமில்லை. ஊர்வலத்தில் ஒலிபெருக்கி வைத்துத் தொழுகை நேரத்தைக் கடத்துவது, சாலையை அடைப்பது, பக்கத்து வீட்டு நோயாளியைத் தூங்கவிடாதது எல்லாம் இரு தரப்பு ஆலிம்களும் கூடாது என்று சொல்பவை. வசதியில்லாதவரிடம் மஹல்லா வரியாக மீலாதுக் காசு கேட்பதும் இதில் சேரும். மவ்லிது ஓதாவிட்டால் வீட்டில் பரக்கத் போய்விடும் என்று சொல்லி அதைக் கடமைபோல் ஆக்கினால், எதிர்ப்பவர்கள் அஞ்சுவது அப்படியே நடந்துவிடுகிறது.

இன்றைய உலகில் எகிப்தின் அரசு ஃபத்வா மன்றம் இதை ஆகுமாக்குகிறது. சவூதியின் முஃப்தியாக இருந்த பின் பாஸ் (இறப்பு 1999) பித்அத் என்று ஃபத்வா கொடுத்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் அரசு விடுமுறை, சவூதியில் இல்லை. இதில் எந்த நாட்டுப் பட்டியலும் நமக்குத் தீர்ப்பாகாது.

என் முடிவைக் கேட்டால் சொல்கிறேன். மீலாதை ஈத் என்றோ, மார்க்கம் விதித்த நாள் என்றோ எண்ணிச் செய்வது கூடாது. அப்படி எண்ணாமல், நபியின் வாழ்வைச் சொல்லவும் ஏழைக்குச் சோறு போடவும் அந்த மாதத்தை வாய்ப்பாக எடுப்பவரை வழிகெட்டவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அதில் கலந்துகொள்ளாதவரை நபியை நேசிக்காதவர் என்று சொல்வது அதைவிடப் பெரிய அநியாயம்.

இந்திய ஆலிம்களிடமே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. மக்காவில் குடியேறிய ஹாஜி இம்தாதுல்லாஹ் (இறப்பு 1899) மவ்லிது சபையில் கலந்துகொள்வார், நிற்பதில் தமக்கு இன்பம் கிடைப்பதாகவும் எழுதினார். அவரிடம் பைஅத் பெற்ற தேவ்பந்த் அறிஞர் ரஷீத் அஹ்மத் கங்கோஹி (இறப்பு 1905), அந்தச் சபைகள் கூடாது என்று ஃபத்வா கொடுத்தார். குருவின் செயலுக்கு எதிராக சீடர் சட்டம் சொன்னார். குரு சீடரை விலக்கவில்லை; சீடர் குருவின் மேல் வைத்த மரியாதை கடைசிவரை குறையவும் இல்லை.